மருந்து விளம்பரத்தில் வந்த பேர்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா, எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா. கல்யாணம் நிச்சயமாகியிருந்த என் தங்கை. நான். காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா. பெட்டிக்குக் கீல் மாற்ற வந்த ஆசாரி. மூலையில் பாயில் தூங்கிய என் மகளையும் சேர்த்தால் ஏழு பேர். அவளுக்கு அப்போது நாலு வயசு, அவளையெல்லாம் ஏன் சேர்க்கிறாய் என்பாள் தங்கை. நான் சேர்க்கிறேன். குழந்தை தூங்குகிறதா, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறதா என்று யார் கண்டது. மாப்பிள்ளை அக்காவின் வீட்டுக்காரர் அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, டீ குடிக்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. இதைப் பல தடவை ஞாபகப்படுத்திப் பார்த்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது.

ஆள் ஆளாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அங்கே படித்தது வெளியே போனால் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும். போனால் இவர்களில் ஒருவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டே இவர்களை வரிசையாக மனசுக்குள் நிறுத்தி, இவர் சொல்வாரா, அவர் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வேறு எதையும் இவ்வளவு கவனமாக நான் படித்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கர் சில்லறை நிலம். என்னைக் கட்டிக்கொடுத்த கடன் அடைந்து மூச்சுவிடுவதற்குள் தங்கைக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது. இரும்பு பீரோ வாங்க நைனாவுக்குக் கை எட்டவில்லை. அதனால் நைனாவின் தாத்தா காலத்துப் பலாமரப் பெட்டியைத் தேய்த்துப் பாலீஷ் போட்டுச் சீராகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு. ஓர் ஆள் உள்ளே படுக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி.

அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பேப்பர் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். போகிக்கு வீடு மெழுகும்போது, பெட்டியில் ஒட்டிய பழைய பேப்பரின் மேலேயே பசை தடவிப் புதுப் பேப்பரை ஒட்டிவிடுவார்கள். பழையதை யாரும் கிழிப்பதில்லை. மரத்தின் ஈரம் துணிக்குப் போகாது, பூச்சி வராது என்பார்கள். பசையைத் தின்னத்தான் பூச்சியே வரும் என்பது வேறு விஷயம். இப்படி வருஷக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, மூடி உள்ளே தடித்துப்போய்க் கிடந்தது.

அதில் அடியோடு அடியாக இருக்கும் பேப்பரைப் பற்றி நைனாவுக்கு ஒரு பெருமை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் குடியானவர்களுக்கென்று வாரம் ஒரு தடவை வந்த பேப்பராம். அதில் அவர் தாத்தாவின் பேர் அச்சில் வந்திருக்கிறதாம். அந்தக் காலத்தில் நிலத்துக்குத் தீர்வை கட்டினவனுக்கு மட்டும்தான் ஓட்டு. ஜில்லா போர்டு எலெக்‌ஷனுக்கு ஒரு பெரிய மனுஷர் நின்றார். அவருக்காக ஓர் ஏஜெண்டு ஊர் ஊராக வந்து, ஓட்டு உள்ளவர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிப்போனான். பிறகு பேர் பேப்பரில் வந்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ அவர் பேர் இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டினார்கள். இடது பக்கம், கீழ்மூலை. அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டி மூடியில் ஒட்டினார். வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து அந்த மூலையில் விரலை வைத்துக் காட்டுவாராம்.

நைனா இந்தக் கதையை நிச்சயதார்த்தத்தன்றே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தார். “இந்த ஊர்ல வெள்ளக்காரன் காலத்துலயே ஓட்டு வச்சிருந்த குடும்பம் எங்க குடும்பம்” என்று. அதனால்தான் மாப்பிள்ளையின் அக்கா அன்று வந்ததும் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வந்தது வேறு வேலையாக. முகூர்த்தப் புடவையின் ஜாக்கெட்டை அவர்கள் தைத்துக்கொண்டு வருவார்கள், அதற்கு அளவு ஜாக்கெட் ஒன்று வேண்டும். பத்தாவது படித்தவர், வாயாடி. என்னை முதல் நாளிலிருந்தே தையக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை அண்ணி என்பேன்.

கீல் ஆணி பேப்பருக்குள் புதைந்திருந்ததால் ஆசாரி தண்ணீர் தெளித்து உரித்தார். சினிமா பேப்பர், எலெக்‌ஷன் பேப்பர், நெல் விலை போட்ட பேப்பர் எல்லாம் ஒட்டிக்கொண்டு அடை மாதிரி பெயர்ந்து வந்தன. கடைசியில் பழுப்பேறிய ஒரு தாள் மரத்தோடு மரமாக இருந்தது. தலைப்பைப் பெட்டி ஓரத்துக்காக வெட்டியிருந்தார்கள். தாள் முழுக்க விளம்பரம்.

“தோ பாருங்க, எங்க தாத்தா ஒட்டுன பேப்பரு” என்றார் நைனா. “படிம்மா. எங்க பேரு அதுல கீது.”

அண்ணி மேலேயிருந்து படிக்க ஆரம்பித்தார். ரேடியோவில் படிப்பது மாதிரி கணீர் என்று படிப்பார்.

“இரும்புக் கலப்பை வாங்கினா மூக்குப்பொடி டப்பி ஒண்ணு இனாமாம்.”

“இப்ப மாட்டக் கட்டி கலப்பய ஓட்டுனா டிராக்டர்காரன் சிரிக்கிறதுதான் இனாம்” என்றார் ஆசாரி.

“கூந்தல் தைலமாம் மாமா. மூணு மாசம் தேச்சா முழங்கால் வரைக்கும் வளருமாம். ஒரு பாட்டில் உங்களுக்கு எழுதிப் போடட்டா?”

நைனா வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “எனுக்கு இன்னாத்துக்கும்மா. உன் வூட்டுக்காரருக்கு வாங்கு. அவருக்கும் முன்னால காலியாயிக்கினு வருது.”

நடவுக்கு வரும் ஆட்களுக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தால் களைப்பே தெரியாது என்று ஒரு படம் போட்டிருந்தது. அதைக் கேட்டு அம்மா, “அதான் இப்ப வேலயத் தொடங்கறதுக்கு முன்னாடியே டீ கேக்கறாளுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. தங்கை சுவரோரம் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். கல்யாணப் பெண் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

பக்கத்தில் பாதியை அந்தப் பெரிய மனுஷரின் எலெக்‌ஷன் விளம்பரமே அடைத்துக்கொண்டிருந்தது. ரயத்துகளின், அதாவது குடியானவர்களின், நண்பருக்கே ஓட்டுப் போட வேண்டும், அவர் வந்தால் ஏரி மதகைச் சீர்படுத்துவார், தீர்வையைக் குறைக்கப் பேசுவார், ஓட்டுப்போட வண்டி வந்து அழைத்துப் போகும் என்று போட்டிருந்தது.

“மதகா? அது இன்னும் ஒயுகிக்கினுதான் கீது” என்றாள் அம்மா.

கீழே ஆதரவாளர்கள் பேர் நீளமாக இருந்தது. அண்ணி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். எங்கள் பேர் வரவில்லை. “நல்லா பாரும்மா, கடசில இருக்கும்” என்றார் நைனா. கடைசியிலும் இல்லை. “இடது பக்கம், கீழ் மூலைன்னு எங்க அப்பா சொல்லுவாரு” என்றார்.

“இன்னா பேரு மாமா சொன்னீங்க?”

நைனா தாத்தாவின் பேரை அவர் அப்பா பேரோடும் ஊரோடும் சேர்த்து, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“தோ கீது மாமா. இன்னும் கீழ கீது.”

“படி, படி.”

“உத்திரமேரூர் பிர்கா” என்று தொடங்கி, பேரைப் படித்து, “எழுதிக்கொடுப்பது என்னவென்றால், மூன்று வருஷ காலமாய் என் தேகத்தில்” என்று கணீர் குரலிலேயே போன அண்ணி அங்கே நிறுத்திவிட்டார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்திருந்தேன். எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த வார்த்தையைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. வெண்குஷ்டம். எலெக்‌ஷன் விளம்பரம் ஒரு கோட்டோடு முடிந்திருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்தது மருந்துக் கம்பெனி விளம்பரம். நைனாவின் தாத்தா பேர் வந்தது அதில்தான். மேகநோய், சொறி, வெண்குஷ்டம் எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு, தபால் செலவு தனி. அதைத் தடவிக் குணமான இன்னார் என்று நைனாவின் தாத்தா.

“இன்னாம்மா நிறுத்திட்ட?” என்றார் நைனா.

“எழுத்து அழிஞ்சு போய்க்கீது மாமா” என்றார் அண்ணி.

அழிந்திருக்கவில்லை. ஆசாரி வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே பார்த்தார், எவ்வளவு பார்த்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

அண்ணி காபியை முழுசாகக் குடித்தார். குடிக்காமல் வைத்துவிடுவாரோ என்று அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு எழுந்தார். நான் மடித்து வைத்திருந்த அளவு ஜாக்கெட்டை நீட்டினேன்.

“அது வோணாம் தையக்காரம்மா. பொண்ணுதான் எதுர்ல கீதே. ஆளையே அளந்துடலாம்.”

என் கழுத்தில் கிடந்த டேப்பை அவரே எடுத்துக்கொண்டார். நான் அளக்கிறேன் என்றேன். “நீ எழுதிக்கோ, நான் சொல்றேன்” என்று தங்கையை உள் அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்தார். கையைத் தூக்கச் சொன்னார். முழங்கையைத் திருப்பினார். முதுகுக் கழுத்துக்காக முடியை விலக்கினார். “வளையல் அளவும் பாத்துடலாம்” என்று விரல்களைக் குவித்துப் பிடித்து நகக்கண் வரை பார்த்தார். “மெட்டிக்கும் அளவு வோணுமே” என்று கீழே உட்கார்ந்து காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கூச்சத்தில் தங்கை கிளுக்கென்று சிரித்தாள். அவளுக்கு அந்த நிமிஷம் ஒன்றும் தெரியாது.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் தையல்காரி. டேப் உடம்பில் படாமல் தொங்கியதும், அவர் கண் டேப்பில் இல்லாததும் எனக்குத் தெரிந்தது. அவர் சொன்ன அளவுக்குத் தைத்தால் அந்த ஜாக்கெட்டில் தங்கையின் கையே நுழையாது. அவர் சொன்னதை விட்டு, எனக்குத் தெரிந்த தங்கையின் அளவையே எழுதித் தாளை அவர் கையில் கொடுத்தேன். பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த வார்த்தை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“எங்க தாத்தா உடம்புல ஒரு புள்ளி கெடையாது. கரிக்கட்ட மாதிரி இருப்பாரு.”

“நீ பாத்தியா? அவரு போய்ச் சேர்றப்ப உனுக்கு இன்னா வயசு?” என்றாள் அம்மா.

“எங்க அப்பா சொல்லிக்கீறாரு.”

“உங்க அப்பாதான் எலெக்சன்ல பேரு வந்துச்சின்னும் சொன்னாரு.”

அம்மா அந்தத் தாளைச் சுரண்டி அடுப்பில் போட வேண்டும் என்றாள். “என் தாத்தா பேரு அது. எதுல வந்துக்கினா இன்னா, அவரு பேரு. அத நான் சொரண்ட மாட்டேன்” என்றார் நைனா. நாலைந்து நாள் பெட்டி திறந்தே கிடந்தது. பிறகு பரிசுப் பொருள் சுற்றும் பூப்போட்ட தாள் வாங்கிவந்து, பசை காய்ச்சி, அவரே மேலே ஒட்டினார்.

அந்த நாலைந்து நாளும் பகலில் யாரும் இல்லாதபோது நான் அந்த மூடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மருந்து விளம்பரத்தில் ஒரு படம் இருந்தது. இடுப்பில் வேட்டி, முன்னந்தலை சிரைத்த ஓர் ஆள், நேராகப் பார்க்கிறான். உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. மரக்கட்டையில் செதுக்கிய படம் என்பதால் மை படாத இடம்தான் வியாதி. நைனா ஒட்டுவதற்குள்ளேயே, நான் துடைத்த ஈரத் துணி பட்டு, அவன் தோளில் கொஞ்சம் மை போய்விட்டது. திட்டு பெரிதாகியிருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். தொட்டால் ஒட்டாது என்று தெரியும். ஆனாலும் போய்க் கையைக் கழுவினேன்.

இன்னொன்றும் பார்த்தேன். தாத்தாவின் பேருக்குப் பக்கத்திலேயே பழையசீவரத்துக்காரர் ஒருவர், புள்ளலூர்க்காரர் ஒருவர் என்று இரண்டு பேர் அதே களிம்புக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். மூன்றும் ஒரே வாசகம். மூன்று பேருக்கும் மூன்று வருஷ காலம். மூன்று பேரும் இரண்டே டப்பியில் குணமாகி, ஊரார் கண்டு அதிசயித்தார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர்கூடத் தன் கையால் எழுதியிருக்க மாட்டார். எலெக்‌ஷனுக்குக் கைநாட்டு வாங்க வந்த ஏஜெண்டே மருந்துக் கம்பெனிக்கும் ஆள் பிடித்திருப்பான். வெறும் தாளில் கைநாட்டு வாங்கி, எலெக்‌ஷனுக்குக் கொஞ்சம் பேர், மருந்துக்குக் கொஞ்சம் பேர் என்று பிரித்துக்கொண்டிருப்பான். பேர் பேப்பரில் வரும் என்று சொன்னான், வந்தது. தாத்தாவுக்கு எதில் வந்தது என்று தெரியாது. தெரிந்த யாரோ விரல் வைத்துக் காட்டிவிட்டு, வாய் திறக்காமல் போயிருக்கிறார்கள். அதன் பிறகு வாழ்நாளெல்லாம் வருகிறவர்களிடம் பெட்டியைத் திறந்து, தனக்கு வெண்குஷ்டம் என்று போட்ட இடத்தில் தானே விரலை வைத்துப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். படிக்கத் தெரிந்தவர்கள் படித்திருப்பார்கள். படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு நாள் நிம்மதி இருந்தது. உடனே காஞ்சிபுரம் போய் அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று புடவைகூட மாற்றினேன். மாற்றிய பிறகு யோசனை வந்தது. சொல்ல வேண்டுமானால் அந்தப் பேச்சை நான்தான் எடுக்க வேண்டும். எழுத்து அழிந்துபோயிருக்கிறது என்று சொன்னவரிடம், அழியவில்லை, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்று சொல்ல வேண்டும். அவர் மறந்திருந்தால்? நானே போய் ஞாபகப்படுத்தினது மாதிரி ஆகும். இன்னொரு பயமும் இருந்தது. ஏஜெண்டு பொய் சொன்னான் என்பதால் தாத்தாவுக்கு வியாதி இல்லை என்று ஆகிவிடுமா? நிஜமாகவே திட்டு இருந்த ஓர் ஆளைப் பார்த்துத்தான் அவன் மருந்துக்குப் பேர் கேட்டிருந்தால்? புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன்.

கல்யாணம் வரைக்கும் காஞ்சிபுரம் பஸ் வரும் சத்தம் கேட்டாலே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லக் கல்யாணத் தரகர் இறங்கி வருகிறார் என்று நினைப்பேன். அவர் வரவில்லை. கல்யாணம் நடந்தது. அண்ணிதான் ஓடி ஓடி எல்லாம் செய்தார். ஜாக்கெட் சரியாக இருந்தது. வேறு பெட்டி பார்க்கலாமா என்று அம்மா இழுத்தபோது, “அதயே குடுங்க அத்த, நல்ல மரம்” என்று பெட்டியைக் கேட்டு வாங்கிப் போனார். ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. தினமும் குளிக்கும்போது என் உடம்பைப் பார்ப்பேன். மகளைக் குளிப்பாட்டும்போது முதுகு, காது மடல், வாயோரம் எல்லாம் பார்ப்பேன். ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களுக்கு அளவு எடுக்கும்போதும் கண் டேப்பை விட்டு வேறு இடத்துக்குப் போகும். அளவு பிசகி இரண்டு மூன்று ஜாக்கெட் திரும்பி வந்தது. ஒரு தடவை பயம் தாங்காமல் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. அது தொத்து வியாதியும் இல்ல, பயப்படற வியாதியும் இல்ல” என்றார். குடும்பத்தில் வருமா என்று கேட்டேன். “சில பேருக்கு வரும், நெறைய பேருக்கு வராது” என்றார். நெறைய பேருக்கு என்றது பஸ்ஸிலேயே மறந்துபோயிற்று. சில பேருக்கு என்றது மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

நைனா அந்தப் பெருமையைப் பிறகு வாயில் எடுக்கவே இல்லை. இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு பஞ்சாயத்து எலெக்‌ஷனில், தெருக்காரர் ஒருவர் நின்றார். ஆதரிப்போர் என்று நோட்டீஸில் பேர் போட அவர் ஆட்கள் வந்தார்கள்.

“உங்க பேரு முதல்ல போடறோம் பெரியவரே.”

“முதல்லயும் வோணாம், கடசிலயும் வோணாம்.”

“ஏன், எங்களுக்கு ஓட்டுப் போட மாட்டீங்களா?”

“ஓட்டு போடறேன். பேரு போடாத.”

அவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். நோட்டீஸ் வந்ததும் நைனா அதை வாங்கி, நாலு மூலையும் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

தங்கைக்கு முதல் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். இரண்டு புடவைக்கு ஓரம் தைக்கக் கொடுத்தார். போகும்போது, பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும், இரண்டாயிரம் இருக்குமா, அடுத்த மாசம் தந்துவிடுகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பேன். அரிசிப் பானையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாசம் வந்தது, பணம் வரவில்லை. பிறகு ஒரு தடவை ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார். மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு ஜாடை கிடையாது. சம்பந்தி வீட்டில் கைமாற்று கேட்பது உலகத்தில் இல்லாததா. ஒரு பொங்கலுக்கு அவரே ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் என்னைப் போட்டுக் குழப்பியது. வாயை மூடுவதற்கென்று பணம் வாங்குகிறவர் எதற்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்?

தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு இதற்குள் எல்லாம் தெரியும்.

“அவுங்க அன்னிக்கே மறந்துட்டாங்க. நீதான் அதயே புடிச்சிக்கினு கீற” என்றாள்.

“மறந்துட்டாங்கன்னு உனுக்கு எப்டித் தெரியும்? கேட்டியா?”

“அத யாராவது கேப்பாங்களா?”

“அப்ப உனுக்கும் தெரியாது.”

“உன்னோட பேஜாருக்கா. பணத்தக் குடுக்காத, முடிஞ்சி போச்சி.”

அவளால் அப்படிப் பேச முடிந்தது. அந்த வீட்டுக்குள் நான் போகும்போதெல்லாம் பெட்டி அவள் அறையில்தான் இருக்கும். பூப்போட்ட தாளை ஓரத்திலிருந்து பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை குழந்தையின் துணி எடுக்கத் திறந்தேன். கீழ்மூலையில் விரல் அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக அந்த ஆளின் முகம் தெரிந்தது. பூச்சி அவனையும் கொஞ்சம் தின்றிருந்தது. கன்னத்தில் பாதி வெள்ளை.

அந்தக் குழந்தைக்கு மூன்று வயதிருக்கும்போது கன்னத்தில் ஒரு வெளிர் திட்டு வந்தது. காசு அளவு. தங்கை சாதாரணமாகத்தான் சொல்லி அனுப்பினாள், தேமல் போலிருக்கிறது என்று. நான் காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோனது தங்கை இல்லை, அண்ணி. யாரிடமும் சொல்லாமல், கோயிலுக்கு என்று தூக்கிக்கொண்டு போயிருந்தார். நான் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். வேறு உட்கார இடமா இல்லை. அது திறந்துவிடக் கூடாது என்பது மாதிரி அதன்மேல்தான் உட்காரத் தோன்றியது.

மத்தியானம் அண்ணி வந்தார். வெயிலில் நடந்து முகம் கறுத்துப்போயிருந்தது. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அவள் அடுப்படிப் பக்கம் போனதும்தான் வாயைத் திறந்தார்.

“வயித்துப் பூச்சியாம். மருந்து எழுதிக் குடுத்துக்கீறாரு. ஒரு மாசத்துல மறஞ்சிடுமாம்.”

“நல்லா பாத்தாரா அண்ணி?”

“லைட்டு வச்சிப் பாத்தாரு. ரெண்டு டாக்டர் கிட்ட காட்டிக்கினு வரேன். ரெண்டு பேரும் அதயேதான் சொன்னாங்க.”

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

“ஒரு வாரமா எனுக்குக் கண்ணு மூடல, தையக்காரம்மா.”

“எதுக்கு அண்ணி?” என்றேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரிதான் கேட்டேன்.

“எதுக்குன்னு உனுக்குத் தெரியாதா” என்றார்.

அவ்வளவுதான். அவர் மறக்கவில்லை. நான் என் மகளைக் குளிப்பாட்டும்போது பார்த்த மாதிரி, தன் தம்பி குழந்தையை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தம்பியிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும். மூன்று பேருக்கும் ஒரே வாசகம், எல்லாம் ஏஜெண்டு எழுதினது என்று அப்போது சொல்லியிருக்கலாம். பெட்டி என் கீழேயே இருந்தது, திறந்து காட்டியிருக்கலாம். அது அவருக்குப் பாதியாவது நிம்மதி கொடுத்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. சில பேருக்கு வரும் என்று டாக்டரம்மா சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, “ஒரு மூவாயிரம் இருக்குமா? சீட்டு கட்டணும், இந்த மாசம் இடிக்குது” என்றார். எப்போதும் கேட்கிற அதே குரல். அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தேன். குழந்தையின் கன்னம் அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், முகத்தில் ஒரு மறு இல்லை. அண்ணி அவளுக்குத் தலை பின்னும்போது காது மடலைத் திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்திருக்கிறார்.

பணத்தைக் கேள் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எப்படிக் கேட்பது? அதைக் கேட்டால் மற்றதையும் பேசினது மாதிரி ஆகிவிடும். முதலில் வாங்கியது இரண்டாயிரம், அப்புறம் ஆயிரத்து ஐந்நூறு, கடைசியில் மூவாயிரம். திரும்பி வந்தது அந்தப் பொங்கலுக்குக் கொடுத்த ஐந்நூறு. தையல் கூலியை நான் சேர்க்கவில்லை. இன்றைய தேதிக்கு அவரிடமிருந்து வரவேண்டிய பாக்கி ஆறாயிரம் ரூபாய்.